விளையாட்டுக் கூடத்து வாசலில் ஒரு சிவப்புப் பெட்டி

தலைமை ஆசிரியையின் மேசை மேல் மூன்று சிவப்புப் பெட்டிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மூன்றும் உள்ளங்கை அகலம்தான். துருவி அவற்றைப் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, விரலால் தூசி தட்டி வைத்ததைப் பார்த்தால் நகைக்கடையில் வளையல் எடுத்துக் காட்டுகிற மாதிரி இருந்தது.

துருவி என்பது வீட்டில் வைத்த பெயர். சின்ன வயதில் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, "இது ஏன் இப்படிச் சுத்துது, அது ஏன் அப்படிச் சுத்தல" என்று துருவித் துருவிக் கேட்டு வீட்டில் எல்லோர் உயிரையும் வாங்கினாள். அவளுடைய அண்ணன் அந்தப் பெயரை வைத்தான். படித்து, தீ எச்சரிக்கை மணிகளை அமைத்துத் தருகிற பொறியாளர் ஆன பிறகும் பெயர் போகவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த தலைமை ஆசிரியை அந்த அண்ணனின் மனைவி. கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே அவர் வாயிலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

"துருவி, கதை வேணாம். எனக்கு ஒரே ஒரு பெட்டி காட்டு. பசங்க கை வைக்க முடியாத பெட்டி."

"கை வைக்க முடியாத பெட்டி எதுக்கு அண்ணி சுவத்துல? அதுக்குப் பதிலா உங்க போட்டோவை மாட்டிட்டுப் போயிடலாம்."

"மாட்டு. அது சும்மா கிடக்கும், கண்ட நேரத்துல அடிக்காது."

அண்ணியின் கோபத்தில் நியாயம் இருந்தது. இந்த வருடம் பள்ளி திறந்ததிலிருந்து தீ மணி அடித்துக்கொண்டே இருந்தது. எங்கும் தீ இல்லை, புகை இல்லை. ஒவ்வொரு தடவையும் போய்ப் பார்த்தால் விளையாட்டுக் கூடத்து வாசலில் இருக்கிற பெட்டிதான் அழுத்தப்பட்டிருக்கும். பக்கத்தில் நிற்கிற பிள்ளைகளைக் கேட்டால், "நான் இல்ல மிஸ்" என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்வார்கள். வெளியே நிற்க வைத்துப் பார்த்தாகிவிட்டது. பெற்றோரைக் கூப்பிட்டுப் பார்த்தாகிவிட்டது. மணி மட்டும் நிற்கவில்லை.

"இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் உனக்கு டைம்" என்றார் அண்ணி. "அதுக்குள்ள ஒரு நல்ல வழி சொல்லு. நடுவுல இன்னொரு தடவை பொய்யா அடிச்சுது, எல்லாப் பெட்டியையும் கழட்டி இதோ இந்த அலமாரில வச்சுப் பூட்டிடுவேன். தீ பிடிச்சா யாராவது ஓடி வந்து சொல்லட்டும். நான் அழுத்துறேன்."

இந்தச் சிவப்புப் பெட்டிகளை வெளியேறும் வழியில் வைப்பதற்கு ஒரே காரணம்தான். தீயைப் பார்த்தவர் முதலில் தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள வாசலை நோக்கி ஓடுவார். ஓடுகிற வழியிலேயே பெட்டி இருந்தால், ஒரு கை நீட்டி அழுத்திவிட்டு ஓட்டத்தைத் தொடரலாம். மற்றவர்களை எழுப்புவதற்காக அவர் ஒரு அடிகூடத் திரும்பி நடக்க வேண்டியதில்லை. அதைப் பிடுங்கி அலுவலக அலமாரியில் வைத்தால், மேல்மாடியில் புகையைப் பார்க்கிற பிள்ளை மூன்று நடைக்கூடங்களைத் தாண்டி ஓடி வந்து, அண்ணியைத் தேடி, அண்ணி சாவியைத் தேடி... அந்த மேல்மாடியில்தான் அண்ணன் மகளின் வகுப்பும் இருக்கிறது. துருவியால் அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஆனால் அவளை அதைவிட உறுத்தியது வேறு ஒன்று. போன வாரம் அவள் அளவெடுக்க வந்திருந்தபோதும் மணி அடித்தது. காதைப் பிளக்கிற சத்தம். ஒரு வகுப்பின் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த ஆசிரியை கையை நிறுத்தவே இல்லை. வாக்கியத்தை முடித்து, முற்றுப்புள்ளி வைத்து, சுண்ணாம்புத் தூளை ஊதிவிட்டு, அதற்கப்புறம்தான் வாசலை எட்டிப் பார்த்தார். 'அந்தப் பெட்டிதான்' என்கிற முகம். மணியை யாரும் நம்பவில்லை. நம்பாத மணி இருந்தால் என்ன, பூட்டிக் கிடந்தால் என்ன?

"சரி, பாருங்க" என்று முதல் பெட்டியைத் தள்ளி வைத்தாள். "இது பழைய வகை. முன்னாடி மெல்லிசா கண்ணாடி. கட்டை விரலால அழுத்தினா உடையும், மணி அடிக்கும். அப்புறம் வேற கண்ணாடி வாங்கிப் போடணும். ரெண்டாவது, உங்க ஸ்கூல்ல இப்ப இருக்கிறது. கண்ணாடிக்குப் பதிலா பிளாஸ்டிக் தகடு. அழுத்தினா உள்ள போயிடும், மேல மஞ்சள் பட்டை தெரியும். அதை வச்சுத்தான் எந்தப் பெட்டின்னு கண்டுபிடிக்கிறீங்க. சாவி போட்டுத் திருப்பினா பழையபடி வந்துடும்."

"மூணாவது?"

"அதே தகடு, மேல மட்டும் ஒரு மூடி. தூக்கிப் பாருங்க."

அண்ணி தூக்கினார். பெட்டி 'கீ...' என்று கத்தியது. அண்ணி மூடியைக் கீழே விட்டுவிட்டு நாற்காலியோடு பின்னால் போனார். கதவைத் திறந்து எட்டிப் பார்த்த அலுவலக உதவியாளரிடம், "ஒண்ணும் இல்ல, என் நாத்தனார் வந்திருக்கா" என்றார்.

"இது பெட்டி மட்டும் கத்துறது. பள்ளிக்கூட மணி அடிக்காது" என்று துருவி உற்சாகமாக விளக்கினாள். "சேட்டைக்காக மூடியைத் தூக்குறவன் இந்தச் சத்தத்துலயே மாட்டிக்குவான். நிஜமா தீயைப் பார்த்தவன் சத்தத்துக்குப் பயப்பட மாட்டான், மூடியைத் தூக்கி அழுத்திடுவான்."

அண்ணி கணக்கு ஆசிரியையாக இருந்து தலைமைக்கு வந்தவர். எதையும் அப்படியே விழுங்க மாட்டார். மூடியை மறுபடி மெதுவாகத் தூக்கி, எவ்வளவு விசை வேண்டியிருக்கிறது என்று சுண்டுவிரலால் சோதித்தார். "சின்னக் குழந்தை தூக்குமா?"

"தூக்கும்."

"சத்தம் கேட்டு அழுதுட்டு நின்னா?"

"அதனாலதான் வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாக் குழந்தையையும் தூக்கிப் பார்க்கச் சொல்லணும்."

"ம்" என்றார் அண்ணி. அந்த 'ம்'மில் பாதி சம்மதம் இருந்தது. "போய் எங்கெங்க எது வேணும்னு பார்த்துட்டு வா. மாஸ்டரைக் கூட்டிட்டுப் போ."

மாஸ்டர் என்றால் விளையாட்டு ஆசிரியர். வாட்டசாட்டமான மனிதர், கழுத்தில் விசில், வலது முட்டியில் பட்டை. முட்டி வலியைப் பற்றி யாரும் கேட்காமலே சொல்லக்கூடியவர்.

"வாங்க அலாரம் மேடம். மெதுவா நடங்க, என் முட்டி உங்க வேகத்துக்கு வராது."

இருவரும் மாடியிலிருந்து தொடங்கினார்கள். ஒவ்வொரு இடத்திலும் துருவி நின்று, தீயைப் பார்த்தவள் மாதிரி வாசலை நோக்கி வேகமாக நடந்து பார்த்தாள். கை எந்தப் பக்கம் நீளுகிறது, கண் எங்கே போகிறது என்று கவனித்தாள். மாஸ்டர் முதலில் சிரித்தார். பிறகு அவருக்கும் ஆர்வம் வந்து, அவரும் நொண்டிக்கொண்டே கூட ஓடினார்.

மாடிப்படியின் மேல்முனையில் இருந்த பெட்டி சரியான இடத்தில்தான் இருந்தது. ஆனால் அதன் முன்னால் யாரோ ஓர் அறிவிப்புப் பலகையைச் சாய்த்து வைத்திருந்தார்கள். "பெட்டி நல்லதுதான், பலகைதான் கெட்டது" என்று அதை நகர்த்தினாள். ஆய்வகத்துக்கு மூடி வேண்டாம் என்று முடிவு செய்தாள். அங்கே எப்போதும் ஒரு ஆசிரியர் இருப்பார், அவசரம் வந்தால் ஒரு நொடிகூட வீணாகக் கூடாது. சமையலறையில் பெட்டி அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. "தீ பிடிக்கிறதே அடுப்புலதான். பெட்டியை அழுத்த அடுப்புக்கிட்டயா போவாங்க?" என்று அதை வெளிக்கதவுக்கு மாற்றச் சொன்னாள்.

"இதெல்லாம் சரி. நம்ம வாசல்ல எவன் கைவரிசை காட்டுறான், அதச் சொல்லுங்க" என்றார் மாஸ்டர், விளையாட்டுக் கூடத்துக்குப் போகிற நீண்ட நடையில்.

"நீங்கதான் சொல்லணும். எப்ப எப்ப அடிக்கும்?"

"பெரிய கிளாஸ் பசங்க வர்றப்ப. சின்னதுங்க பீரியட்ல ஒரு தடவை கூட அடிச்சதில்ல. சின்னதுங்க பாவம், வாலே முளைக்கல இன்னும்."

"போன வருஷம்?"

மாஸ்டர் தலையைச் சொறிந்தார். "போன வருஷம் அடிச்ச ஞாபகமே இல்லையே. இந்த வருஷத்துப் பசங்கதான் மோசம்."

அது துருவியின் மனதில் சின்ன முள்ளாகக் குத்தியது. போன வருடம் ஏழாம் வகுப்பில் இருந்த அதே பிள்ளைகள்தானே இந்த வருடம் எட்டாம் வகுப்பில் இருக்கிறார்கள்? விடுமுறையில் ஒரு மாதம் வீட்டில் இருந்தால் வால் முளைத்துவிடுமா? ஆனாலும் முள்ளைப் பிடுங்கிப் பார்க்கவில்லை. அவளுக்கும் இது சேட்டை என்றுதான் தோன்றியது. வாசல் வெளிச்சம் குறைந்த மூலை. ஆசிரியர்கள் யாரும் நிற்காத இடம். மூடி போட்ட பெட்டி ஒன்றை மாட்டினால் முடிந்தது கதை.

"உள்ள வந்து வெளிக்கதவையும் பார்த்துடுங்க" என்று மாஸ்டர் உள்ளே போனார். அவர் எப்போதும் செருப்புதான். ஒரு உதறு, முடிந்தது. "ஷூவைக் கழட்டிட்டு வாங்க மேடம். லீவுல புதுசா மரத்தரை போட்டிருக்கு. ஷூவோட கால் வச்சா உங்க அண்ணி என் தோலை உரிச்சுடுவாங்க."

துருவி பையையும் மூன்று பெட்டிகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குனிந்து வலது ஷூவைக் கழற்றினாள். கால் மாற்றி இடது ஷூவையும் கழற்றினாள். இரண்டையும் அடுக்கில் வைத்தாள். சாக்ஸ் வழுக்கியது. கூடத்துக்குள் ஒரு அடி எடுத்து வைத்தாள்.

மணி அடித்தது.

"எவன்டா அது!" என்று துருவி கத்திக்கொண்டே திரும்பினாள்.

வாசலில் யாரும் இல்லை. நடையில் யாரும் இல்லை. நீளமான அந்த நடை முழுக்க, கடைசி ஜன்னல் வரைக்கும் காலியாக வெயில் மட்டும் விழுந்து கிடந்தது. சுவரில் பெட்டி. பெட்டியில் தகடு உள்ளே போயிருந்தது. மேலே மஞ்சள் பட்டை பளிச்சென்று தெரிந்தது.

அவள் காலியான நடையைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். பிறகு மிக மெதுவாகத் தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கையின் அடியில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, ஒரு சதுர விளிம்பின் தடம் சிவந்திருந்தது.

மணி தலைக்கு மேல் அலறிக்கொண்டிருந்தது. துருவிக்கோ அந்தச் சத்தமே காதில் விழவில்லை. கடிகாரத்தைக் கழற்றிய நாளில் முள்ளை ஓட்டுகிற பல்சக்கரத்தை முதன்முதலாகப் பார்த்தபோது வந்த அதே சிலிர்ப்பு. 'இப்படியா ஓடுற நீ?'

சுவரைக் கிட்டப் போய்ப் பார்த்தாள். பெட்டியைச் சுற்றிச் சுண்ணாம்பு மங்கியிருந்தது. அழுக்கு ஒரே சீராக இல்லை. விரல் விரலாக, உள்ளங்கை உள்ளங்கையாக, ஒன்றன்மேல் ஒன்றாக, நெஞ்சு உயரத்தில் ஒரு கூட்டமே கை வைத்திருந்தது. இடுப்பு உயரத்துக்குக் கீழே சுவர் சுத்தமாக இருந்தது. சின்னப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்துதானே ஷூ கழற்றுவார்கள்!

அண்ணியின் காலடிச் சத்தம் நடையின் மறுகோடியிலிருந்து வந்தது. அவர் கடந்து வந்த வகுப்புகள் எதுவும் வெளியே வரவில்லை.

"யாரு?" என்றார் அண்ணி, வரும்போதே.

"நான்தான் அண்ணி."

"விளையாடாத. யாரு?"

"சத்தியமா நான்தான். அழுத்திட்டேன்."

அண்ணி இடுப்பில் கை வைத்து நின்றார். "சாயங்காலம் வரைக்கும் டைம் குடுத்தேன். மத்தியானம் கூடத் தாண்டல. பசங்களுக்குப் பயந்து ஆளைக் கூப்பிட்டா, வந்த ஆளே அழுத்துது. நல்லா இருக்கு! மாஸ்டர், பூட்டு வாங்க ஆள் அனுப்புங்க."

"பூட்டு வாங்குங்க, நான் வேணாம்னு சொல்லல" என்றாள் துருவி. "அதுக்கு முன்னாடி மரத்தரையில ஒண்ணு காட்டணும். ஒரே ஒரு நிமிஷம் இருங்க."

அவள் சாக்ஸோடேயே ஓடினாள். பெட்டியில் சாவி போட்டுத் தகட்டை மீட்டு, முன்வாசலில் எல்லாப் பெட்டிகளின் கம்பிகளும் வந்து சேர்கிற பேனலில் மணியை நிறுத்தி, அதைச் சோதனை நிலைக்கு மாற்றினாள். இனி பெட்டியை அழுத்தினாலும் பேனலில் விளக்கு மட்டும்தான் எரியும். மூச்சு வாங்கத் திரும்பி வந்தபோது அண்ணி அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார், ஒரு கையில் கைப்பேசியும் சாவிக்கொத்துமாக.

"தரைக்கு என்ன ஆச்சு? விரிசல் விட்டுடுச்சா?"

"உள்ள வந்து பாருங்களேன்."

அண்ணி பெருமூச்சு விட்டார். வார் வைத்த ஷூ அவருடையது. சாவிக்கொத்து இருந்த கையைக் குனிந்து வாருக்குக் கொண்டு போனார், ஒரு கால் தரையை விட்டு எழுந்தது, உடம்பு ஆடியது, மற்றக் கை தானாகப் பக்கவாட்டில் போய்ச் சுவரைப் பிடித்தது. 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். கால் மாறியது, கையும் கொஞ்சம் நகர்ந்தது. இரண்டு ஷூவும் அடுக்குக்குப் போயின. அண்ணி கூடத்துக்குள் வந்து தரையைக் குனிந்து பார்த்தார்.

"எங்க? என்ன காட்டணும்னே?"

துருவி ஓரமாக விலகினாள். வாசலைக் கை காட்டினாள். பெட்டியின் மேல் மஞ்சள் பட்டை.

"நான் இல்ல!" என்றார் அண்ணி.

மாஸ்டர் விசிலை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

அண்ணி தன் கையைப் பார்த்தார், பக்கத்து வீட்டுக்காரர் கையைப் பார்க்கிற மாதிரி. "நான் இல்லன்னு எவ்வளவு வேகமா வந்துச்சு பாரேன் வாயில" என்றார், குரல் இறங்கி.

"எனக்கு 'எவன்டா அது'ன்னு வந்துச்சு."

"ஆனா அழுத்தின உடனே அடிக்கணுமே? அப்ப தெரியாமலா போகும்?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள் போலத் துருவி முகம் மலர்ந்தாள். "உங்க பேனல் பழசு அண்ணி. பெட்டி சொன்னதை ஒரு தடவை கேட்கும், நிஜம்தானான்னு மறுபடி கேட்கும், அப்புறம்தான் மணியைக் கிளப்பும். ஒரு மூச்சு நேரம்தான். அதுக்குள்ள ஷூவைக் கழட்டி வச்சுட்டு உள்ள வந்துடுறோம். மணி அடிக்கும்போது வாசல்ல நிக்கிறது நமக்குப் பின்னாடி வந்தவங்க. மரத்தரை போடாத வரைக்கும் யாரும் இங்க ஒத்தைக் கால்ல நிக்கல. அதான் போன வருஷம் அடிக்கல."

அண்ணி சற்று நேரம் அந்தக் கைத்தடங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே நிற்க வைத்த பிள்ளைகளை ஒவ்வொருவராக நினைக்கிறார் என்று துருவிக்குத் தெரிந்தது. "அத்தனை பேரும் உண்மையைத்தான் சொல்லியிருக்காங்க" என்றார் கடைசியில். "நாளைக்குக் காலையில அசெம்பிளியில சொல்றேன். அழுத்தினது நானும்தான்னு சேர்த்தே சொல்றேன்."

"மூடி போட்ட பெட்டியை இங்க மாட்டிடட்டுமா?" என்றாள் துருவி.

"மாட்டினா?" அண்ணியின் கணக்கு மூளை விழித்துக்கொண்டது. "கை அதே இடத்துக்குத்தான் வரும். மூடி மேல சாய்வாங்க. மூடி உடையும், இல்லன்னா நாள் பூரா கீகீன்னு கத்தும். நீ பெட்டியைப் பத்தியே யோசிக்கிற. கையைப் பத்தி யோசி. கைக்கு வேற வேலை குடுக்கணும்."

மூன்று பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தவளுக்கு நான்காவதாக ஒரு விடை இருக்கும் என்றே தோன்றவில்லை.

மாஸ்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "ஒரு பெஞ்சு போட்டா உட்கார்ந்து கழட்டுவாங்க. தரை போட்ட அன்னைக்கே கேட்டேன் மேடம், என் முட்டிக்காக."

"கேட்டீங்க. தீ பிடிச்சா ஓடுற வழியில பெஞ்சு தடுக்கும்னு நான்தான் வேணாம்னேன்."

"நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்" என்றாள் துருவி.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது அண்ணிதான்.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. வாசலுக்குப் பக்கத்தில் சுவர் உள்வாங்கிய ஒரு மாடம் இருந்தது. அதில் பந்து அலமாரி நின்றது. அலமாரியைக் கிடங்குக்குத் தள்ளினால் பெஞ்சு அந்த மாடத்துக்குள் அடங்கிவிடும், வழியை ஒரு விரல்கூட மறிக்காது. பெட்டியைக் கதவின் மறுபக்கத்துக்கு, கைப்பிடி இருக்கிற பக்கத்துக்கு மாற்றுவது. வெளியே ஓடுகிறவர் கண்ணுக்கு அதுதான் முதலில் படும். பந்து வந்து மோதுகிற இடம் என்பதால் அதற்கு மட்டும் மூடி. நடைக்கூடப் பெட்டிகள் அப்படியே திறந்தபடி இருக்கட்டும். பூட்டு வாங்கக் கிளம்பிய ஆளை மாஸ்டர் வாசலிலேயே விசில் ஊதி நிறுத்தினார்.

அடுத்த பருவம் தொடங்கிச் சில வாரங்கள் கழித்துத் துருவி சோதனைக்காகத் திரும்ப வந்தாள். அலுவலகத்துக்குப் போகாமல் நேராக விளையாட்டுக் கூடத்துக்குத்தான் போனாள். புதிதாக அடித்த சுண்ணாம்பில் ஒரு கைத்தடமும் இல்லை. பெஞ்சின் விளிம்பு மட்டும் பல கைகள் ஊன்றி ஊன்றி, வழவழவென்று மின்னத் தொடங்கியிருந்தது. அதில் உட்கார்ந்திருந்த மாஸ்டர் முட்டியைத் தடவிக்கொண்டே கையசைத்தார்.

"நடுவுல அடிச்சுதா மாஸ்டர்?"

"மூச்சு விடல மேடம்."

அண்ணி மட்டும்தான் சோதனை நடக்கப் போவது தெரிந்தவர். "எந்தப் பெட்டி?" என்று கேட்டார். "மாடிப்படி" என்றாள் துருவி. "நீங்களே அழுத்துங்க. இந்தத் தடவை தெரிஞ்சு."

"வாயைக் குறைடி" என்று சொல்லிக்கொண்டே அண்ணி கட்டை விரலால் அழுத்தினார்.

ஒரு மூச்சு நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு மணி கிளம்பியது. கூடவே நாற்காலிகள் நகர்ந்தன, கதவுகள் திறந்தன. வகுப்புகள் வரிசை வரிசையாகப் படியிறங்கின. அண்ணன் மகள் அத்தையைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, நிற்காமல் தோழியோடு இறங்கிப் போனாள். கட்டடம் காலியாகும் வரை துருவி சுவரோரமாக நின்றாள்.

கீழே இறங்கும் வழியில் ஒரு வகுப்பின் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். போன தடவை பார்த்த அதே வகுப்பு. உள்ளே யாரும் இல்லை. கரும்பலகையில் ஒரு வாக்கியம் பாதியில் நின்றிருந்தது. கடைசிச் சொல்லின் கடைசி எழுத்துக்குச் சுழி போட்டிருந்தது, கால் போடவில்லை. சுண்ணாம்புக் கட்டி தரையில் விழுந்து இரண்டாக உடைந்து கிடந்தது.

துருவி அந்த அரைகுறை எழுத்தை ஆசை தீரப் பார்த்தாள். பிறகு தானும் மற்றவர்களோடு போய் வெளியே நின்றாள்.